களனி கங்கையை அளக்கும் மாணவர்களுக்குக் காசு திரட்டுவது எப்படி

பாடசாலை ஆய்வுகூட அலுமாரிகள் பலவற்றில் ஆற்றுநீரைச் சோதிக்கும் பெட்டி ஒன்று இருக்கும். மூடியில் அனுசரணையாளரின் பெயர் ஒட்டியிருக்கும். உள்ளே முனை உலர்ந்துபோன ஒரு பீ.எச். பேனாவும் (நீரின் அமிலத்தன்மையைக் காட்டுவது) காலாவதியான நைத்திரேற்றுத் துளிக்குப்பிகளும் பிரிக்காத கையுறைப் பொதியும் கிடக்கும். கையளிப்பு வைபவத்தின் படம் மட்டும் அதிபரின் அறைச்சுவரில் நன்றாகவே இருக்கும்.

கருவி வாங்கக் காசு தருபவர்கள் கொழும்பில் தாராளம். அந்தப் பேனாவைச் சரிபார்க்கும் தாங்கற் கரைசல் வாங்க, வான் பிடிக்க, இரண்டாம் வருடமும் நடத்த என்று கேட்டால்தான் கை சுருங்கும். மாணவர் நடத்தும் ஆற்றுக் கண்காணிப்புகளில் பெரும்பாலானவை படுத்துப்போவதும் அந்த இடத்தில்தான். ஆகவே இந்த வழிகாட்டி பெரிய தொகை ஒன்றை ஒரே தடவையில் பெறுவதைப் பற்றியது அல்ல. சின்னத் தொகையைச் சரியான பொருளுக்குக் கேட்டு, அது ஒவ்வொரு வருடமும் வரும்படி செய்வதைப் பற்றியது.

கேள்வி முதலில், காசு பிறகு

களனி கங்கை சிவனொளிபாத மலைப்பக்கம் தொடங்கி ஏறக்குறைய 145 கிலோமீற்றர் ஓடி மட்டக்குளியருகே கடலில் சேர்கிறது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடித்தான் களனியாகின்றன. கொழும்பில் குழாயைத் திறந்தால் வரும் நீரின் பெரும்பகுதி அம்பத்தலையில் இந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. நிதி கேட்கும் கடிதத்தில் இந்த ஒரு வாக்கியம் போதும். உலக வெப்பமாதல் பற்றிய மூன்று பந்திகளை வெட்டிவிடலாம்.

‘களனியின் நீர்த்தரத்தை ஆராய்தல்’ என்று எழுதினால் அது கேள்வி ஆகாது. எதை, எங்கே, எத்தனை தடவை அளப்பது என்று அது சொல்வதில்லை. அதனால் எவ்வளவு காசு வேண்டும் என்பதும் தெரியாது. இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

சென்.செபஸ்தியன் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்துக்கு மேலேயும் கீழேயும் கரைந்த ஒட்சிசன் எவ்வளவு மாறுகிறது? இதற்கு இரண்டு இடம், ஒரு நியமிப்புப் பெட்டி (கரைசலைத் துளித்துளியாகச் சேர்த்து அளவு காண்பது), ஒரு வெப்பமானி போதும்.

வெள்ளவத்தைக் கால்வாயில் மழை பெய்த மறுநாள் கலங்கற்றன்மை எவ்வளவு ஏறி, எத்தனை நாளில் இறங்குகிறது? இதற்கு ஏறக்குறைய காசே வேண்டாம். ஆனால் மழைக்கு அடுத்த நாள், அது சனிக்கிழமையானாலும், வரக்கூடிய மாணவர்கள் வேண்டும்.

வரட்சியான மாதங்களில் உப்புநீர் முகத்துவாரத்திலிருந்து எதுவரை ஏறுகிறது? கேட்க அழகான கேள்விதான், ஆனால் முதல் வருடத்துக்கு வேண்டாம். உப்புநீர் பாரமானது, ஆற்றின் அடியில் ஆப்புப்போல நுழையும். மேற்பரப்பில் வாளி போட்டு அள்ளினால் நன்னீர்தான் வரும், மாணவர்கள் ‘உப்பு இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். அடிநீர் எடுக்கத் தனிப் போத்தல் வேண்டும். அதைவிட, நீரின் உப்பை மின்கடத்தலால் காட்டும் மலிவான மின்கடத்துதிறன் பேனாக்கள் பல 3,999 மைக்ரோசீமன்சுக்கு மேல் காட்டா. கடல்நீர் ஏறக்குறைய 50,000. மட்டக்குளிப் பாலத்தில் பேனா வெறுமனே எல்லை தாண்டியதாகக் கண்சிமிட்டும். அங்கே வேலை செய்ய மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் உப்புத்தன்மை ஒளிமுறிமானி வாங்க வேண்டும்.

முதல் வருடத்துக்கு முதற் கேள்வியைப் போன்ற ஒன்று, அதிகம் போனால் நான்கு இடங்கள். பாடசாலையிலிருந்து புறப்பட்டு நான்கையும் முடித்து மூன்று மணித்தியாலத்தில் திரும்ப முடியாவிட்டால் இடங்களைக் குறையுங்கள். ஹங்வெல்லைவரை போகும் ஆசை எல்லோருக்கும் வரும். அது ஒரு முழு நாளையும் வான் காசையும் விழுங்கும்.

காசில்லாமல் இரண்டு மாதம்

எவரிடமும் கேட்பதற்கு முன் இரண்டு மாதம் அளந்து பாருங்கள். கையில் வரைபு ஒன்றோடு போகும் மாணவருக்கும் ஆசையோடு மட்டும் போகும் மாணவருக்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

இதற்கு வேண்டியவை: ஐந்து லீற்றர் வாளி ஒன்று, ஒவ்வொரு மீற்றருக்கும் முடிச்சுப் போட்ட 15 மீற்றர் நைலோன் கயிறு, மதுசாரம் நிரப்பிய வெப்பமானி (இரச வெப்பமானி ஆற்றங்கரைக்கு வேண்டவே வேண்டாம்), ஒரு கலங்கல் குழாய். குழாயை நீங்களே செய்யலாம். நான்கைந்து சென்ரிமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் நீளமும் கொண்ட ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை ஹாட்வெயார் கடையில் வாங்கி, அடிப்பக்கத்தை பி.வி.சி. மூடியால் நீர் கசியாமல் ஒட்டுங்கள். உள்ளே அடியில் கறுப்பு வெள்ளையாக நான்கு கூறிட்ட வட்டத் தகடு. வெளியே சென்ரிமீற்றர் நாடா. ஆற்றுநீரை நிரப்பி மேலிருந்து பார்த்து, தகடு தெரியும்வரை நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எஞ்சிய உயரமே அளவீடு. நிழலில் நின்று, வெயிலுக்கு முதுகைக் காட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, வித்தியாசம் 3 சென்ரிமீற்றருக்கு மேல் போனால் மறுபடி. மண்டி அடியில் தங்கிவிடும் என்பதால் பார்க்குமுன் ஒரு தடவை கலக்குங்கள்.

இரண்டு மாதத்தில், வாரம் ஒரு தடவை வீதம், எட்டு நாள் அளவீடு கையில் இருக்கும். எந்த மாணவர் தொடர்ந்து வருகிறார், எந்த இடத்துக்குப் போவது கஷ்டம், எத்தனை மணிக்குப் போக்குவரத்து நெரிசல் என்பவையும் தெரிந்துவிடும். வரவுசெலவுத் திட்டத்தை நேர்மையாக எழுத இந்தத் தகவல்கள்தான் உதவும்.

வரவுசெலவு: எண்ணிக் கேட்பது

பெரும்பாலான முன்மொழிவுகள் சறுக்கும் இடம் இது. ‘இரசாயனப் பொருட்கள்’ என்று ஒரு வரி எழுதி, அதற்கு நேரே ஒரு வட்டத் தொகை. தருபவருக்கு அது ஊகம் என்று உடனே தெரிந்துவிடும்.

இப்படி எண்ணுங்கள். வருடம் 12 மாதம் என்றாலும் தவணைப் பரீட்சை, விடுமுறை, வெள்ளம் எல்லாம் போக அளக்கக்கூடியது 10 மாதம். நான்கு இடம் என்றால் 40 மாதிரிகள். ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஓர் இடத்தில் இரண்டாம் மாதிரி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் கை எவ்வளவு நடுங்குகிறது என்றே தெரியாது. அது 10. ஒவ்வொரு பயணத்திலும் காய்ச்சி வடித்த நீரை ஆற்றுநீர்போலவே சோதிக்கும் வெற்று மாதிரி இன்னொரு 10. அதில் நைத்திரேற்று காட்டினால் குழாய் கழுவப்படவில்லை என்று அர்த்தம். பழகுவதற்கு 20. மொத்தம் 80. சிந்தியது, எண்ணிக்கை தவறியது என்று பத்து வீதம் கூட்டினால் 88. அப்படியானால் 90 சோதனைக்கான நைத்திரேற்றுப் பெட்டி ஒன்று போதும். இந்தக் கணக்கை அப்படியே முன்மொழிவில் எழுதுங்கள். கணக்காளர் எவரும் இதை வெட்டுவது கடினம்.

ஒட்சிசனுக்கு மின்மானி வாங்கச் சொல்லி விற்பனையாளர் வற்புறுத்துவார். முதல் வருடம் வேண்டாம். மென்சவ்வு கிழியும், மாற்று உதிரிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டிவரும். உயர்தர இரசாயனவியல் செய்முறையில் இருக்கும் விங்க்ளர் முறையே போதும், அது கரைந்த ஒட்சிசனை நியமிப்பால் அளப்பது. மங்கனீசு சல்பேற்று, கார அயடைட்டு, சல்பூரிக்கமிலம், சோடியம் தயோசல்பேற்று, மாப்பொருள். இவற்றில் பாதி உங்கள் ஆய்வுகூடத்திலேயே இருக்கலாம், ஆசிரியருக்கும் கைவந்தது. தயோசல்பேற்றுக் கரைசல் நாளாக ஆகச் செறிவு குறையும், அதனால் பயணத்துக்கு முன் செறிவைச் சரிபார்க்க வேண்டும். மாப்பொருள் கரைசல் சில நாளில் பூஞ்சணம் பிடிக்கும், அன்றன்று செய்யுங்கள்.

ஒட்சிசன் அளவீடு கெடுவது பெரும்பாலும் வாளியில்தான். வாளியிலிருந்து போத்தலுக்கு ஊற்றினால் காற்று கலந்து மதிப்பு ஏறிவிடும். இறப்பர்க் குழாயைப் போத்தலின் அடிவரை விட்டு இழுகுழாய்போல் நீரை இறக்கி, போத்தல் இரண்டு தடவை நிரம்பி வழியும்வரை விட்டு, குமிழி இல்லாமல் மூடுங்கள். ஆற்றங்கரையிலேயே முதல் இரண்டு கரைசல்களையும் சேர்த்து ஒட்சிசனை நிலைநிறுத்திவிட்டால் நியமிப்பைப் பாடசாலைக்கு வந்து செய்யலாம்.

விளக்கத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப வரும். வெளிநாட்டு நூல்கள் குளிர்நாட்டு ஆறுகளுக்கு எழுதியவை, அவற்றில் 9, 10 என்ற எண்கள் சர்வசாதாரணம். 28 பாகை செல்சியசில் நன்னீர் தாங்கக்கூடிய ஒட்சிசனே லீற்றருக்கு ஏறக்குறைய 7.8 மில்லிகிராம்தான். கடுவலையில் 7 கிடைத்தால் அது நல்ல செய்தி. பேர வாவியில் பிற்பகல் 12 கிடைத்தால் மகிழவேண்டாம். பாசி பகலில் ஒட்சிசனை அள்ளி வெளியிட்டிருக்கிறது, விடியற்காலையில் அதே நீர் மூச்சுத்திணறும். ஆகவே ஒவ்வொரு மாதமும் ஒரே மணிக்குப் போங்கள், காலை 8 க்கும் 9 க்கும் இடையே என்றால் நல்லது.

நைத்திரேற்றுப் பெட்டியில் இன்னொரு பொறி. சில பெட்டிகள் நைத்திரேற்றாகக் காட்டும், சில நைதரசனாகக் காட்டும். இரண்டுக்கும் இடையே 4.43 மடங்கு. உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டி அளவான 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது நைதரசனாக 11.3. எது என்று பெட்டிமூடியில் வாசித்து, பதிவேட்டின் முதற் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

பீ.எச். பேனாவுக்கு 4.01, 7.00, 10.01 தாங்கற் கரைசல்கள் வேண்டும். நன்னீருக்கு 7 உம் 4 உம், முகத்துவாரப்பக்கம் 7 உம் 10 உம் வைத்துச் சரிபாருங்கள். பாவித்த கரைசலைப் போத்தலுக்குள் திருப்பி ஊற்றாதீர்கள். முனையைக் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைப்பதும் கூடாது. பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் ஈரமாகவே இருக்க வேண்டும். அந்தச் சின்னக் குப்பிதான் எல்லா முன்மொழிவுகளிலும் விடுபடுவது.

கழிவுநீர்க் கால்வாய் என்றால் பற்றீரியா அளக்க ஆசை வரும். உலர்வளர்ப்புத் தட்டுகள் (பற்றீரியா முளைக்கும் ஆயத்தத் தட்டுகள்) ஒரு மில்லிலீற்றர்தான் எடுக்கும், ஆக ஒரு குடியம், அதாவது முளைத்த ஒரு புள்ளி, என்றால் 100 மில்லிலீற்றருக்கு 100. கால்வாய்நீரை நேரே இட்டால் எண்ணமுடியாத அளவு முளைக்கும். 9 மில்லிலீற்றர் கிருமியழித்த நீரில் ஒரு மில்லிலீற்றர் என்று ஒருதடவை, அதிலிருந்து மறுபடி ஒருதடவை ஐதாக்குங்கள். ரெஜிபோம் பெட்டி, சின்ன இழைமின்குமிழ், வெப்பநிலை ஆளி மூன்றும் சேர்ந்தால் 35 பாகை அடைகாப்பான் கிடைக்கும். எண்ணி முடித்த தட்டுகளை வெளிற்றும் கரைசலில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, கட்டி எறியுங்கள். சோதனைத் துளிகளின் கழிவை ஒரு கானில் சேருங்கள். தொட்டியில் ஊற்றினால் அது ஏதோ ஒரு கால்வாய்க்குத்தானே போகும்!

உயிர்வேதியியல் ஒட்சிசன் தேவையை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுக்கும் ஒட்சிசனை) அளக்க 20 பாகையில் ஐந்து நாள் இருட்டடைப்பு வேண்டும். பாடசாலையில் முடியாது. வருடம் இரண்டு தடவை, இரண்டு இடத்தின் மாதிரியை வெளி ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வரவுசெலவில் ஒரு வரி வையுங்கள். உங்கள் அளவீடு எவ்வளவு சரி என்று காட்டும் சான்றும் அதுவே.

மொத்தத்தை 100 ரூபாய் என்று எடுத்தால், முதல் வருடத்துக்கு இப்படிப் பிரிப்பது நடைமுறைக்குப் பொருந்தும்: கருவிக்கு 30, இரசாயனத்துக்கும் வெளி ஆய்வுகூடத்துக்கும் 22, போக்குவரத்துக்கு 20, பாதுகாப்புக்கு 8, அச்சுக்கும் வகுப்புகளுக்கும் 10, ஒதுக்கு 10. இரண்டாம் வருடம் கருவி 5 ஆகச் சுருங்கும், மற்றவை அப்படியே நிற்கும். ஒதுக்கை ஆடம்பரம் என்று வெட்டச் சொல்வார்கள். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 அளவுக்குப் போனதை நினைவூட்டுங்கள். சோதனைத் துளிகள் எல்லாம் இறக்குமதி. அதற்காக வருடத்துக்கானதை முழுதாக வாங்கி அடுக்கவும் கூடாது, காலாவதியாகும். இரண்டு தவணையாக வாங்கி, கடைக்காரரிடம் காலாவதித் திகதி குறைந்தது எட்டு மாதம் தள்ளி இருக்க வேண்டும் என்று விலைமனுவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

யாரிடம் எதைக் கேட்பது

ஒருவரிடமே முழுவதையும் கேட்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் கொடுக்க இலகுவான பொருள் ஒன்று உண்டு.

பழைய மாணவர் சங்கத்துக்குக் கருவி பிடிக்கும். அதில் பெயர் பொறிக்கலாம், படமெடுக்கலாம். அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கம் சிறு தொகை தரும், ஆனால் ஒவ்வொரு வருடமும் தரும். இரசாயனச் செலவை அங்கே கேளுங்கள், வருடாந்தத் திட்டம் தயாராகும் முன்பே. திட்டம் நிறைவேறிய பிறகு போனால் அடுத்த வருடம் என்ற பதில்தான். புறக்கோட்டையில் வியாபாரம் செய்யும் பெற்றோரிடம் பணம் கேட்பதைவிடக் கயிறு, வாளி, பூட்ஸ், கையுறை என்று பட்டியலோடு போனால் அன்றே கிடைக்கும். வான் வைத்திருப்பவரிடம் மாதத்தில் ஒரு காலை. அச்சகம் வைத்திருப்பவரிடம் பதிவேடு.

பாடசாலையில் இன்டராக்ட் கழகம் இருந்தால் (12 முதல் 18 வயதுக்கானது) அதை அனுசரிக்கும் ரோட்டரிக் கழகத்தை அணுகலாம். ரோட்டரி மாவட்ட நிதி கழகத்தின் ஊடாகத்தான் வரும், நேரடியாக மாணவருக்கு வராது, அவர்களின் காலக்கெடுவும் உங்கள் தவணையும் பொருந்தாது. ஆறு மாதம் முன்னதாகப் பேசுங்கள். வங்கிகளும் கம்பனிகளும் சமூகப் பொறுப்பு நிதியைப் பெரும்பாலும் நிதியாண்டின் தொடக்கத்திலேயே பங்கிட்டுவிடும். நிதியாண்டின் கடைசியில் எஞ்சிய காசு இருக்கலாம், ஆனால் அதை இரண்டு வாரத்தில் செலவழிக்கச் சொல்வார்கள்.

உலகச் சுற்றாடல் வசதியின் சிறு நிதியுதவித் திட்டம் ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் ஊடாக இலங்கையில் 1994 முதல் நடக்கிறது. அது சமூக அமைப்புகளுக்கும் அரச சார்பற்ற நிறுவனங்களுக்கும் உரியது. ஒரு வகுப்பின் முயற்சிக்கு அது யானைச் சவாரி. மூன்று நான்கு பாடசாலைகள் பதிவுபெற்ற அமைப்பு ஒன்றின் கீழ் சேர்ந்த பிறகு யோசியுங்கள். மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் முன்னோடித் திட்டத்தில் உங்கள் குழுவைச் சேர்ப்பது பணம் தராது. ஆனால் அனுமதிக் கடிதங்களுக்கு அந்தப் பெயர் கதவு திறக்கும்.

அனுசரணையாளரின் தொழிற்சாலை அதே ஆற்றங்கரையில் இருந்தால்? வாங்கவே கூடாது என்றில்லை. ஆனால் ‘முடிவுகளை வெளியிட அனுசரணையாளரின் ஒப்புதல் தேவையில்லை’ என்ற வாக்கியம் உடன்படிக்கையில் இருக்க வேண்டும். அதற்கு மறுப்பு வந்தால் மரியாதையாக விலகிக்கொள்ளுங்கள்.

ஒரு பக்கக் கடிதம்

இருபது பக்க முன்மொழிவை எவரும் வாசிப்பதில்லை. ஒரு பக்கக் கடிதம், பின்னால் ஒரு பக்க வரவுசெலவு, மூன்றாவதாக உங்கள் இரண்டு மாத வரைபு. கடிதத்தின் மையம் இவ்வளவுதான்:

‘சென்.செபஸ்தியன் கால்வாய் களனியில் சேரும் இடத்துக்கு மேலும் கீழும், மாதம் ஒருமுறை, பத்து மாதங்கள், நீரின் ஒட்சிசனையும் கலங்கலையும் நைத்திரேற்றையும் தரம் 10 மாணவர் 12 பேர் அளக்கவுள்ளனர். தங்களிடம் வேண்டுவது இப்பத்து மாதங்களுக்குமான இரசாயனப் பொருட்களின் செலவு மட்டும். கருவிகளைப் பழைய மாணவர் சங்கம் ஏற்றுள்ளது. ஒவ்வொரு தவணை முடிவிலும் இரண்டு பக்க அறிக்கை தங்களுக்குக் கிடைக்கும்.’

மற்றவர் ஏற்ற பங்கைச் சொல்வது முக்கியம். முதலாவதாகக் கொடுக்க எல்லோரும் தயங்குவார்கள், இரண்டாவதாகக் கொடுக்க அவ்வளவு தயக்கம் இல்லை. கடிதம் அதிபரின் கையொப்பத்தோடு போகட்டும், நேரில் கொண்டுபோவது மாணவர்களாக இருக்கட்டும். கம்பனிக்கோ அரச அலுவலகத்துக்கோ போவதென்றால் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ ஒரு பிரதியும் சேருங்கள்.

காசு எங்கே வைப்பது

பொறுப்பாசிரியரின் சொந்தக் கணக்கில் ஒரு சதமும் விழக்கூடாது, நல்லெண்ணத்தில்கூட. அடுத்த வருடம் அவருக்கு இடமாற்றம் வரும், கணக்கு அவரோடு போகும், கதைகள் பாடசாலையில் தங்கும். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் இட்டு, பற்றுச்சீட்டுப் புத்தகத்தில் நோக்கத்தை ‘ஆற்றுக் கண்காணிப்பு’ என்று எழுதச் சொல்லுங்கள். அங்கே காசு எடுக்கத் தாமதமாகும். விலைமனு மூன்று, குழுவின் அனுமதி, காசோலை என்று வாரங்கள் போகும். அதனால் பொருள் வேண்டிய நாளுக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். ஓட்டோக் காசு, பனிக்கட்டி போன்றவற்றுக்குச் சில்லறைக் காசு ஒரு சிறு தொகை முற்பணமாக வாங்கி, மாதமுடிவில் பற்றுச்சீட்டோடு தீர்த்துவிடுங்கள். ஓட்டோக்காரர் பற்றுச்சீட்டு தரமாட்டார். திகதி, இடம், தூரம், தொகை எழுதிய தாளில் இரண்டு மாணவர் கையொப்பமிட்டால் பொதுவாக ஏற்பார்கள், ஆனால் முன்கூட்டியே பொருளாளரிடம் கேட்டுவிடுங்கள். வாங்கிய கருவி பாடசாலையின் பொருட்பதிவேட்டில் ஏற வேண்டும். ஏறாத கருவி காணாமற்போனால் கேட்பாரில்லை.

அனுமதியும் உயிரும்

அதிபர், வலயக் கல்விப் பணிமனை, ஒவ்வொரு பெற்றாரின் சம்மதக் கடிதம். கால்வாய்க்கரை என்றால் காணி அபிவிருத்திக் கூட்டுத்தாபனத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம். பொலிஸ் நிலையத்துக்கு ஒரு பிரதி, ஏனென்றால் பாலத்திலிருந்து வாளி இறக்கும் பிள்ளைகளைப் பற்றி யாராவது நிச்சயம் தொலைபேசியில் சொல்வார்கள்.

பிள்ளைகள் நீரில் இறங்கக் கூடாது. கீழ்க்களனி ஆழமானது, கரை செங்குத்து, கொழும்பின் சதுப்புநிலங்களிலும் கால்வாய்களிலும் முதலைகளும் உண்டு. வாளியும் கயிறும் இருக்கும்போது இறங்கத் தேவையும் இல்லை. எலிச் சிறுநீர் கலந்த நீரால் தொற்றும் எலிக்காய்ச்சல் இன்னொரு அபாயம். காலில் கையில் புண் உள்ளவர் அன்று பதிவேடு எழுதட்டும். மற்றவர்க்குப் பூட்சும் கையுறையும். அடுத்த ஒரு மாதத்துக்குள் எவருக்கேனும் காய்ச்சல் வந்தால் ஆற்றுக்குப் போனதை வைத்தியரிடம் சொல்லும்படி பெற்றாருக்கு எழுத்தில் கொடுங்கள். பயணத்துக்கு முன் அந்தப் பிரதேசச் சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஆலோசனை கேட்பது நல்லது. அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ், வெள்ளத்துக்கு 117. புறப்படும் காலை நாகலகம் வீதியில் களனியின் நீர்மட்டத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அறிவிப்பில் பாருங்கள். ஏறிக்கொண்டிருந்தால் பயணம் இல்லை. அந்த மாதத்துக்கான கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும். ஊகித்து நிரப்புவதைவிட அது மேல்.

கற்பித்தலுக்கு ஒதுக்கிய பத்து ரூபாய்

அளக்கும் பன்னிரண்டு பேருக்கு வெளியே எவருக்கும் எதுவும் தெரியாமல் போவதுதான் வழக்கம். மலிவான வழி: பாடசாலை வாயிலில் ஒரு பலகை, மாதம் ஒரு தடவை மாறும் நான்கு எண்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரி விளக்கம், தமிழிலும் சிங்களத்திலும். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு ஒரு பாடவேளை போதும், கலங்கல் குழாயையும் மூன்று போத்தல் நீரையும் (குழாய்நீர், கால்வாய்நீர், ஆற்றுநீர்) கொடுத்து அவர்களே வரிசைப்படுத்தட்டும். முகாம், பதாகை, மேற்சட்டை என்று காசைக் கரைக்காதீர்கள். மேற்சட்டை அச்சிட்ட தொகையில் ஒரு வருட நைத்திரேற்றுத் துளி வாங்கலாம்.

கொழும்புத் தமிழ்ப் பாடசாலைகளுக்கு ஓர் அருமையான வாய்ப்பு உண்டு. ஆற்றின் மேல்முனை மஸ்கெலியா, நோர்வூட் தோட்டப்புறங்களில் இருக்கிறது, அங்குள்ள பாடசாலைகள் பல தமிழ்மொழிமூலம். அங்கே ஒரு பாடசாலையோடு கைகோத்து, ஒரு வெப்பமானியும் ஒரு கலங்கல் குழாயும் ஒரு துளிப்பெட்டியும் அனுப்பினால், ஒரே வாரத்தில் ஒரே ஆற்றின் இரு முனையையும் அளக்கலாம். வருகை தேவையில்லை, தொலைபேசிப் படம் போதும். அனுசரணையாளருக்கு இந்த இணைப்பு மிகவும் பிடிக்கும், அதற்கென்றே தனி வரி கேளுங்கள்.

முடிவுகளை வெளியிடும்போது 2019 இல் வர்த்தமானியில் வெளியான சுற்றுப்புற நீர்த்தர ஒழுங்குவிதிகளோடு ஒப்பிடுங்கள். அவை நீரின் பயன்பாட்டுக்கேற்ப வகுத்தவை, உங்கள் இடத்துக்கு எந்த வகை பொருந்தும் என்று முதலில் பாருங்கள். எந்தத் தொழிற்சாலையின் பெயரையும் எழுதாதீர்கள். துளிப்பெட்டியின் நிறம் நீதிமன்றச் சான்று ஆகாது. மோசமான எண் கிடைத்தால் மறுநாளே மறுபடி அளந்து, அப்போதும் அப்படியே என்றால் நேரம், இடம், படத்தோடு மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு எழுதுங்கள்.

இரண்டாம் வருடம்

தரம் 10 இல் தொடங்கியவர்கள் அடுத்த வருடம் சாதாரண தரப் பரீட்சைக்குள் புகுந்துவிடுவார்கள். ஆகவே முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பத்தாம் தர மாணவரோடும் ஒரு எட்டாம் தரம். பெரியவர் அளப்பார், சின்னவர் எழுதுவார். மூன்றாம் தவணையில் இருவரும் வேலையை மாற்றிக்கொள்வார்கள். அனுசரணையாளருக்குப் போகும் கடைசி அறிக்கையில் புதியவர்களின் பெயர்ப்பட்டியலும் அடுத்த வருட இரசாயனக் கணக்கும் சேர்ந்தே போகட்டும், தனிக் கடிதமாக அல்ல.

விடுமுறைக்கு முன் கடைசி நாள் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். பேனாக்களின் மின்கலங்களைக் கழற்றி, பீ.எச். முனையின் மூடியில் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் ஊற்றி நிமிர்த்தி வையுங்கள். துளிக்குப்பிகளின் காலாவதித் திகதிகளை மூடியில் பெரிதாக எழுதுங்கள். கயிற்றைக் காயவைத்துச் சுருட்டுங்கள். அலுமாரிச் சாவி இரண்டு, ஒன்று ஆசிரியரிடம், மற்றது ஆய்வுகூட உதவியாளரிடம். பதிவேட்டின் படத்தை மூன்று பேரின் தொலைபேசியில் ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.